வற்றிய ஏரியில் ஓர் அம்பயர்

கோடையில் கள்ளிக்குப்பம் பக்கத்து ஏரி வற்றினால் அதுதான் எங்கள் கிரிக்கெட் மைதானம். அங்கே எங்களுக்கு அம்பயராக நின்ற ஒருவரை மறக்க முடியவில்லை. காக்கி பேண்ட், தலையில் ஈரத் துண்டு. ஓர் இடத்தில் நிற்க மாட்டார். பந்துக்குப் பந்து மண்ணைக் காலால் கீறிக்கொண்டே இருப்பார். அவர் வேலை பார்த்த கம்பெனியை அந்த வருஷம்தான் மூடியிருந்தார்கள்.

ஒருநாள் கடைசி ஓவர். ஜெயிக்க இரண்டே ரன். பந்து என் காலில் பட்டது. "அவுட்டு!" என்று எல்லோரும் கத்தினார்கள். அதே நேரம் பக்கத்து ஃபேக்டரியில் மத்தியான ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. அவர் விரலைத் தூக்கவில்லை, தலையையும் ஆட்டவில்லை. விறுவிறுவென்று ஏரிக்கரையைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"எங்க போற அண்ணாத்தே? உன் கம்பெனியதான் மூடிட்டாங்களே!"

நின்றார். "எனுக்குத் தெரியும் நைனா. இந்தக் காலுக்குத் தெரில."

திரும்பி வந்தவர், யார் முகத்தையும் பார்க்காமல் விரலைத் தூக்கினார். லெக் ஸ்டம்புக்கு வெளியே போன பந்து அது, அவுட்டே இல்லை. இன்றைக்கும் சத்தியம் செய்வேன். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிற நான், அன்று பேட்டைக் கீழே வைத்துவிட்டு நடந்தேன்.