வெந்நீரில் குளித்த வடிகட்டி

நான் செய்த மடத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். குடிதண்ணீருக்கு வைத்திருக்கும் ஆர்.ஓ. மெஷினுக்குள் கீசர் வெந்நீரை விட்டேன். ஜன்னல் கழுவுவதற்காக.

மயிலாப்பூர் மாட வீதியில் முதல் மாடி எங்களுடையது. பால்கனியை மூடியபோது, நடுவில் சட்டம் வந்தால் அறுபத்து மூவர் ஊர்வலத்தை மறைக்குமே என்று, திறக்கவே முடியாத ஒரே பெரிய கண்ணாடியாகப் போடச் சொன்னதும் இதே மூளைதான். திறக்கிற ஜன்னல் ஓரத்தில் ஒன்று உண்டு. அதில் எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டுக் கழிவுக் குழாய்கள் தரிசனம் தரும். அந்த ஓட்டை வழியே ஹோஸை நீட்டி, வாராவாரம் போர் தண்ணீரைப் பீச்சிக் கண்ணாடியைக் கழுவி, வெயிலில் காயவிட்டேன். உப்பு படிந்து படிந்து, எங்கள் வீட்டுக்கு மட்டும் பன்னிரண்டு மாதமும் மார்கழிப் பனி.

இந்தப் பங்குனியில் ஊர்வலம் பார்க்க மாமியார் வருவதாக இருந்தது. இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனவர்; தெருக்கூட்டத்தில் நிற்க முடியாது.

"அம்மா சேர்ல உக்காந்துக்கிட்டே சாமி பாக்கணுங்க. வேற எதுவும் உங்ககிட்ட நான் கேக்கல" என்றாள் மனைவி. கல்யாணமானதிலிருந்து அவள் என்னை நம்பி ஒப்படைத்த முதல் வேலை.

வினிகர் ஊற்றி, ஓர ஜன்னல் வழியே நீளக் கம்புத் துடைப்பானை நீட்டித் தேய்த்ததில் பழைய உப்பு போய்விட்டது. அதோடு ஒரு துணியால் துடைத்து நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. ஆனால் மொபைலில் ஒரு வெள்ளைக்காரர், உப்பு நீக்கிய தண்ணீரில் அலசினால் துடைக்கவே வேண்டாம், காய்ந்தால் தடமே இருக்காது என்று செய்துகாட்டினார். வெந்நீரானால் இன்னும் பிரமாதமாம்.

"அப்போ வடிகட்டின தண்ணிய அடுப்புல சுட வெச்சாப் போச்சு" என்றாள் மனைவி.

"அது ரெட்டை வேலை. சுடுதண்ணியவே வடிகட்டிட்டா ஒரே வேலை" என்றேன், இன்ஜினியர் தோரணையில். நான் படித்தது பி.காம்.

ஊர்வலத்தன்று காலை கீசர் குழாயை மெஷினோடு இணைத்தேன். வழக்கமாக அதில் ஒரு சொம்பு நிறைவதற்குள் டி.வி.யில் ஒரு சீரியல் முடிந்துவிடும். அன்று தடதடவென்று கொட்டியது.

"பாத்தியா ஸ்பீட? கம்பெனிக்காரனுக்கே தெரியாத ரகசியம்!"

கம்பெனிக்காரனுக்குத் தெரிந்துதான் இருந்தது. சூடான தண்ணீர் விடாதீர்கள் என்று மெஷினின் நெற்றியிலேயே ஒட்டியிருந்தான். அது விவரம் தெரியாதவர்களுக்கு என்று நினைத்திருந்தேன்.

பக்கெட் பக்கெட்டாகக் கண்ணாடியை அலசினேன். ஈரத்தில் பளிங்கு மாதிரி ஜொலித்தது. கீழே இஸ்திரி வண்டிக்காரர் அண்ணாந்து பார்த்து, "இன்னா சார், வூட்டுக்கே தலைக்கு ஊத்திக்கினு கீற?" என்றார். பெருமையாகக் கை அசைத்தேன்.

மதியம் கே.கே. நகரிலிருந்து மச்சினன் மாமியாரை ஆட்டோவில் அழைத்து வந்தான். மனைவி தண்ணீர் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவன் முகத்தைச் சுளித்தான்.

"என்னக்கா இது, மெரினாலேருந்து புடிச்சியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெந்நீர் பட்டு உள்ளிருந்த வடிகட்டி செத்திருக்கிறது. உப்பை நிறுத்த ஆளில்லை. அதனால்தான் அந்த வேகம். மெல்லத் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர் தோற்றது. மனைவியும் பார்த்தாள். பார்த்துவிட்டு, அம்மாவின் நாற்காலியை அதற்கு நேராக இழுத்துப் போட்டாள்.

நாதஸ்வரம் நெருங்கிவிட்டது. ஈரமாக இருந்தால் தெரியுமே என்று ஓர ஜன்னலுக்கு ஓடி ஒரு பக்கெட்டை வீசினேன். பாதி கண்ணாடிக்கு, பாதி கீழே மோர்ப் பந்தலுக்கு.

"யோவ் மாடி! மோர்ல தண்ணி ஊத்த எங்களுக்குத் தெரியும், நீ மூடிக்கினு உள்ள போ!"

போனேன். கண்ணாடி இரண்டு நிமிடம் தெளிந்து, பங்குனி வெயிலில் மறுபடி வெளுத்தது. அதற்கு அந்தப் பக்கம் மேளம், சங்கு, "நமச்சிவாய" கோஷம், பல்லக்குகளாக இருக்கக்கூடிய சில நிழல்கள். மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வெள்ளையைப் பார்த்துக் கை கூப்பியிருந்தார்.

குனிந்து, கூடியவரை பணிவாகக் கேட்டேன்: "அத்தை, சாமி தெரியுதா?"

"சத்தம் நல்லா கேக்குது, மாப்பிள்ளை."