நானூறுக்குக் கீழே செல்லாது

பெட்ரோல் போட்டால் பாயிண்ட், பாயிண்ட் சேர்ந்தால் மறுபடியும் பெட்ரோல். பேங்க்கிலிருந்து பேசிய பெண் இப்படிச் சொன்னதும், இனிமேல் என் ஸ்கூட்டி ஓசியிலேயே ஓடப்போகிறது என்று நம்பி கிரெடிட் கார்டு வாங்கிவிட்டேன். ஒரு நிபந்தனையை மட்டும் அவள் வேகமாகச் சொல்லி முடித்தாள். ஒரே தடவையில் நானூறு ரூபாய்க்குக் குறையாமல் போட வேண்டும். குறைந்தால் பாயிண்ட் கிடையாது.

என் வண்டியின் டேங்க்கே ஐந்து லிட்டர்தான். பாண்டியில் பெட்ரோல் மலிவு என்று வெளியூர்க்காரர்கள் எல்லை தாண்டி வந்து நிரப்பிக்கொண்டு போகிறார்கள். அந்த மலிவுதான் எனக்கு எமனாக வந்தது. நானூறு ரூபாய்க்கு நாலு லிட்டருக்கு மேல் உள்ளே போயாக வேண்டும். டேங்க் காய்ந்து கிடந்தால்தான் அது நடக்கும். விலை கூடுதலாக இருக்கும் கடலூரில் என் நாத்தனார் அதே கார்டில் சுலபமாக நானூறைத் தொட்டுவிடுகிறாள். வயிற்றெரிச்சலில், எல்லையிலிருக்கும் முள்ளோடையைத் தாண்டி கடலூர் பக்கம் போய்ப் போட்டு வரலாமா என்று வீட்டில் கேட்டேன்.

"ஊரே அங்கேர்ந்து இங்க வருது. நீ இங்கேர்ந்து அங்க போறியா?" என்றார் என் வீட்டுக்காரர். அந்த யோசனையை அத்தோடு விட்டேன்.

ஆனால் கார்டை விடவில்லை. பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்ட பிறகும் இரண்டு நாள் ஓட்டுவேன். அரியாங்குப்பம் பாலத்தில் ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பங்க்கில், "முன்னூத்தி எண்பதுல நின்னுடுச்சிக்கா" என்பார்கள். "வண்டிய ஆட்டி ஊத்துங்க" என்று சண்டை போடுவேன். பின்னால் ஹார்ன் அடிப்பவர்களைத் திரும்பிப் பார்த்து முறைக்கவும் செய்வேன்.

என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷமாகக் காண்ட்ராக்ட். அவரைப் பர்மனெண்ட் ஆக்குவதற்கான இண்டர்வியூ டவுன் ஆபீஸில், காலை பத்து மணிக்கு. இது தவறினால் மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு வண்டியை அவருக்குக் கொடுத்துவிட்டு, நான் பெரிய மனசோடு பஸ் ஏறினேன். கார்டையும் கையில் கொடுத்து, "டவுன்ல போய் போட்டுக்குங்க. நானூறு, மறந்துடாதீங்க" என்றேன். முள் சிவப்புக்கும் கீழே கிடப்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பாலத்துக்கு இந்தப் பக்கமே போட்டுவிடுவார். அதற்குள் டேங்க் முழுசாகக் காய்ந்திருக்காது, நானூறு பிடிக்காது.

பதினோரு மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"பாலத்து மேல நின்னுடுச்சி. தள்ளிக்கினே போயி பங்க்ல, அவசரத்துல கைல இருந்த நூறு ரூபாய்க்கு போட்டேன்."

"நூறா! இனிமே நானூறு எப்படிங்க பிடிக்கும்?"

"இண்டர்வியூ என்னாச்சின்னு கேக்க மாட்டியா?" என்றார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒன்பது வருஷம் அந்த மனுஷன் காத்திருந்த நாள் அது.

"இருபது நிமிஷம் லேட்டு. சட்டையெல்லாம் வேர்வை. ஏன்னு கேட்டாங்க. வீட்ல பாயிண்ட் சேக்கறாங்க சார்னு உண்மைய சொல்லிட்டேன்."

"ஐயோ! என்னா சொன்னாங்க?"

"ரெண்டு பேரு சிரிச்சாங்க. நடுவுல இருந்தவரு மட்டும் சிரிக்கல. அவரு வீட்லயும் அதே கார்டாம்."

முடிவைப் பிறகு சொல்வதாக அனுப்பிவிட்டார்களாம். அன்று சாயங்காலமே வண்டியை எடுத்துக்கொண்டு பங்க்குக்குப் போனேன்.

"ஃபுல் பண்ணுங்க."

"நானூறு வராதேக்கா!" என்று பங்க்கில் எனக்காகக் கவலைப்பட்டார்கள்.

"வராட்டி போவுது" என்று சொல்லிக் காசை நீட்டினேன்.

பத்து நாள் கழித்து ஆர்டர் வந்தது. பர்மனெண்ட். நான் அழுதுவிட்டேன். அவர் அதை இரண்டு முறை படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கெளம்பு, பீச்சுக்கு போலாம். வண்டில பெட்ரோல் இருக்குதா?"

"ஃபுல்லா இருக்குதுங்க" என்றேன்.