வாயால் சொன்னால்தான் செல்லும்

சனிக்கிழமை காலையில் எங்கள் தெரு வழியாக வரும் பேருந்தில் ஆட்களைவிட மட்டைகள் அதிகம். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில், பாதி நாள் மூடுபனிக்குள் கிடக்கும் இந்தச் சின்ன ஊருக்கு வந்த புதிதில் எனக்கு முதலில் விளங்காமல் போனது இதுதான். கோல்ஃப் என்றால் காரில் வந்து இறங்கும் பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு என்றுதான் ராஜபாளையத்தில் நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். இங்கே தபால்காரர் ஆடுகிறார், மீன் கடைக்காரம்மா ஆடுகிறார். தாத்தா, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை ஒரே பையிலிருந்து மட்டையை உருவி நகராட்சி மைதானத்தில் மாற்றி மாற்றி அடிக்கிறார்கள். நம் பக்கத்தில் குடும்பமாகச் சேர்ந்து போவதென்றால் கல்யாணம், சாவு, சர்ச் அசன விருந்து. ஒரு பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குடும்பமே நடந்து போவதை நான் பார்த்ததில்லை. எதையாவது பார்த்துவிட்டால் சும்மா நிற்கிற கை இல்லை என் கை. வந்த முதல் கோடையிலேயே பழைய மட்டைகள் நாலைந்து வாங்கிக்கொண்டு நானும் இறங்கிவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஏலனும் அவர் தம்பி கோர்டனும்தான் என்னைத் தங்களோடு சேர்த்துக்கொண்டவர்கள். இரண்டு பேருக்கும் எழுபது தாண்டியிருக்கும். முதல் நாள் அவர்களோடு ஆடிய காலை முழுக்க அண்ணனும் தம்பியும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலியோரம் ஒருவர் நடக்கிறார், மணல் குழியோரம் மற்றவர் நடக்கிறார். குழிக்குப் பக்கத்தில் பந்து வந்து நின்றால் மட்டும், "அது போதும்" என்று ஒருவர் முனகுகிறார், மற்றவர் பந்தை எடுத்துக்கொள்கிறார். பங்காளிச் சண்டை என்று நான் முடிவே கட்டிவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் ஏலனைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்குள் ஏதாவது மனத்தாங்கலா? நான் வேண்டுமானால் பேசிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "மனத்தாங்கலா? காலையிலிருந்து பேசிக்கொண்டேதானே வருகிறோம்" என்றார்.

"அது போதும்" என்ற அந்த முனகலுக்கு இங்கே கிம்மி என்று பெயர். ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடும்போது, எதிராளியின் பந்து குழிக்கு வெகு அருகில் கிடந்தால், "நீ அடிக்கவே வேண்டாம், விழுந்ததாக வைத்துக்கொள்" என்று விட்டுக்கொடுக்கலாம். கொடுக்கும் உரிமை எதிராளிக்கு மட்டும்தான். கேட்டு வாங்க முடியாது, கொடுத்ததை மறுக்கவும் முடியாது. இந்த விதியைப் படித்த இரவே எனக்கு அப்பாவும் சித்தப்பாவும் நினைவுக்கு வந்துவிட்டார்கள்.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே தம்பி சாமுவேல் சித்தப்பா, ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டும் கடை வைத்திருக்கிறார். பேருந்தில் ஏறி உட்கார்ந்து கண்ணயர்வதற்குள் வந்துவிடும் தூரம். ஆனால் கொரோனா காலத்தில் சித்தப்பா தன் மகன் கல்யாணப் பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பியதிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. நேரில் வந்து பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு அப்பா போகவில்லை. போகாதது ஏன் என்று சித்தப்பாவும் கேட்கவில்லை. அதற்காக அவர்கள் விலகிப்போனார்கள் என்று நினைக்க வேண்டாம். விசேஷ வீடுகளில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார்கள். நடுவில் ஒரு ஆளை வைத்துப் பேசுவார்கள். ஆள் கிடைக்காவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்வார்கள். சண்டைக்கு முன்பு அப்பாவுக்குத் தம்பி 'அவன்', சண்டைக்குப் பிறகு 'அவிய'. எங்கள் வீட்டில் மரியாதை கூடினால் பயப்பட வேண்டும்.

இந்த ஆகஸ்டில் நான் ஊருக்குப் போனது என் கல்யாணத்துக்கு. மாப்பிள்ளை நாசரேத்துக்காரர், இங்கே ஸ்காட்லாந்தில்தான் பக்கத்து நகரத்தில் வேலை. பெட்டியை இறக்கிவைத்த அன்றே அம்மா பத்திரிகைக் கட்டைப் பிரித்து, யார் யாருக்கு என்று அப்பாவைக் கேட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் என்று வந்ததும் அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அவியளுக்கு வாட்ஸப்புல போட்டுவிட்டாப் போச்சு" என்றார். அம்மா, "பிள்ளை கல்யாணத்துலயா ஒங்க வீம்பக் காட்டுவிய?" என்று கேட்டதற்கு அப்பா அடுத்த பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டார். வாட்ஸப்பில் போனால் சித்தப்பா வரமாட்டார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தூக்கிக்கொண்டு போன மனிதர் இல்லாமல் நான் சர்ச்சுக்குள் நடக்க வேண்டியிருக்கும். விமானம் ஏறும்போது மட்டைப் பையை நான் சும்மா தூக்கி வரவில்லை.

எங்கள் ஊரை அடுத்த சோழபுரத்துப் பக்கம் ஒரு கண்மாய் அந்தச் சமயம் வறண்டு கிடந்தது. ஓரமெல்லாம் சீமைக்கருவேலம், நடுவில் ஆடுகள், மேற்கே மலை. மட்டையை அப்பா கையில் கொடுத்ததும், "தண்டு நல்ல மெட்டலா இருக்கே" என்று வளைத்துப் பார்த்தார். முதல் நாள் என்னோடும் அக்கா மகள் ரூத்தோடும் வேடிக்கை பார்க்க வந்தவர், மறுநாள் பி.வி.சி. குழாயை அறுத்துக்கொண்டு வந்து மூன்று குழி பதித்துவிட்டார். குழியைச் சுற்றிக் கூட்டித் தண்ணீர் தெளித்துத் தட்டி, கதிரடிக்கிற களம் மாதிரி ஆக்கினார். அதனால் அதற்குப் பெயரும் களம். கொடிக்குப் பதிலாகக் கம்பின் நுனியில் மில்லில் நூல் சுற்றும் கோன். ரூத் ஆறாம் வகுப்பு. எங்கள் மூவரில் அதிக தூரம் அடிப்பவள் அவள்தான். அப்பா அதிக தூரம் அடிக்கமாட்டார், ஆனால் நேராக அடிப்பார். "பலத்தக் காட்டுனா போல்ட்டு ஒடையும்ட்டீ. வாட்டம் பாத்து ஒரு தட்டு, அம்புட்டுதான்" என்பார்.

செய்தி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகட்டும் என்றே நான் ரூத் அடிக்கும் வீடியோவைச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். மறுநாள் சாயங்காலம் கரைமேல் அவர் பைக் வந்து நின்றது.

"இந்தப் பக்கமா ஒரு மோட்டார் பாக்க வந்தேன் ரூத்து. பிள்ளை என்னமோ பந்து அடிக்குதாமேன்னு செத்த நேரம் பாத்துட்டுப் போலாம்னு இறங்குனேன்" என்றார்.

அப்பா கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, "ரூத்து, வந்தவியளுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்றார்.

"வேண்டாம்னு சொல்லு ரூத்து. பைக்குல இருக்கு."

"ரெண்டு தாத்தாவுக்கும் காது நல்லாத்தான கேக்கு? நான் எதுக்கு நடுவுல?" என்றாள் ரூத்.

அதற்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் எரிகிற மோட்டாரெல்லாம் சோழபுரத்துக்குக் குடிவந்துவிட்டது. தினமும் சித்தப்பா வந்தார். காயில் கட்டுகிற கை, குழியோரம் அசையாது. ஆனால் தூரத்து அடி எங்காவது கருவேலத்துக்குள் போய்விடும். அப்பா வானத்தைப் பார்த்து, "ரூத்து, மட்டைங்கது கம்பி சுத்துத சாமான் இல்லன்னு தெரியாதவியளுக்குச் சொல்லு" என்பார். சித்தப்பா முள்ளை விலக்கிக்கொண்டே, "போல்ட்டு கழட்டுனவியல்லாம் கோச் ஆயிட்டாவன்னு நானும் சொன்னேன்னு சொல்லு ரூத்து" என்பார். ஏலனும் கோர்டனும் வாய் திறக்காமல் பேசிக்கொண்டார்கள். இவர்கள் இவ்வளவு பேசியும் ஒரு சொல்கூட நேராகப் போய்ச் சேரவில்லை. ஆனால் எனக்கு நம்பிக்கை இருந்தது. ஆட்டம் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டுவிட்டது, இனி விதி பார்த்துக்கொள்ளும்.

பத்திரிகை வைக்க வெளியூர் கிளம்ப வேண்டிய வாரத்தில், அண்ணன் தம்பி இருவருக்கும் நேருக்கு நேர் ஒரு போட்டி வைத்தேன். மூன்று குழி. நான் நடுவர். ஆரம்பிக்கும் முன் விதியைச் சொன்னேன்: பந்தை விட்டுக்கொடுப்பதானால் எதிராளி முகத்தைப் பார்த்து வாயால் சொல்ல வேண்டும், இன்னொரு ஆள் மூலம் சொன்னால் செல்லாது. விதிப்புத்தகப்படி கையை அசைத்துக் காட்டினாலே போதும். கண்மாய்க்காக நான் அதைக் கொஞ்சம் இறுக்கிவிட்டேன். இருவரும் மட்டையைத் தேர்ந்தெடுப்பதில் மும்முரமாக இருந்தபடி தலையாட்டினார்கள்.

முதல் குழி சித்தப்பாவுக்கு, இரண்டாவது அப்பாவுக்கு. மூன்றாவதில் அப்பா ஐந்தாவது அடியில் பந்தைக் குழிக்குள் போட்டார். சித்தப்பாவின் நாலாவது அடி குழியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் விழும், ஆட்டம் சமனாகும். அப்பா அதைப் பார்த்தார். பெரிய மனசோடுதான், "சரி ரூத்து, எடுத்துக்கிடச் சொல்லு" என்றார். "எடுத்துக்கிடணுமாம் சின்னத் தாத்தா" என்றாள் ரூத். சித்தப்பா குனிந்து பந்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வேறு எந்த ஊர் ஆட்டக்காரரும் அப்படிச் செய்திருக்கமாட்டார். இத்தனை வருடமாக நல்லது கெட்டது எல்லாமே இவர்களுக்குள் அப்படித்தான் போய் வந்திருக்கிறது. அது செல்லுமா என்ற சந்தேகமே அவருக்கு வரவில்லை.

"சித்தப்பா, அது செல்லாது" என்றேன். "அப்பா ஒங்ககிட்டச் சொல்லல. கொடுக்காத பந்த எடுத்தா ஒரு அடி தண்டம். அப்பா ஜெயிச்சதா ஆயிரும்."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே அப்பா நேராகச் சொல்லிவிடுவார், அத்தோடு முடிந்தது என்பதுதான் என் கணக்கு. யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா பந்தைப் பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். "இருக்கட்டும் ஷீபா. அவியளே ஜெயிச்சதா இருக்கட்டும். அவிய எனக்கு ஒண்ணும் குடுக்காம இருக்கது புதுசா என்ன?" என்று சொல்லிவிட்டுக் கரையைப் பார்த்து நடந்தார். அவர் பைக் இப்போது கிளம்பினால் கல்யாணத்துக்கும் வராது. விதியை இறுக்கியவள் நான்.

அப்பா அவசரமாக, "ரூத்து, நான் குடுத்துட்டேன்னு ஓடிப்போய்ச் சொல்லு" என்றார்.

ரூத் அந்தக் களத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். "நான் போமாட்டேன். நீங்களே சொல்லுங்க."

சித்தப்பா கரை ஏறத் தொடங்கிவிட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் ஆடுகளைப் பார்த்தேன். அப்பா கரைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏலே சாமு. குடுத்தாச்சுங்கேன்லா. எங்கல போற?"

சித்தப்பா நின்றார், திரும்பவில்லை. "என்ட்டயா சொல்லுதிய?"

"பொறவு? ஆட்டையா ஏலேம்பேன்?"

அவர் இறங்கி வந்த வேகத்தில் கட்டிப்பிடித்து அழப்போகிறார்கள் என்று நினைத்து ரூத் போனைத் தூக்கினாள். நடந்தது சண்டை. வாட்ஸப்பில் வந்தால் அது பத்திரிகையா என்றார் அப்பா. ஊரடங்குல எப்படி வர என்றார் சித்தப்பா. "ஊரடங்குல எங்க தெரு முக்குக் கடையில வந்து ஒயர் வாங்குனியே, பாக்கலைன்னு நெனச்சியா? அம்புட்டுத் தூரம் வந்த வண்டிக்கு எங்க வீடு தெரியலயோ?" சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "வந்தேண்ணே. கல்யாணத்துக்கு இருபது பேருக்குத்தான் அனுமதி. ஒங்க வீட்டுல அஞ்சு பேரு. அஞ்சு பேரையும் கூப்பிட முடியாம எந்த மொகத்தோட படியேறுவேன்?" என்றார். அப்பா மட்டையின் நுனியால் மண்ணைக் கிளறினார். இதை எந்த ரூத்திடமும் சொல்லி அனுப்பியிருக்க முடியாது.

"வெள்ளிக்கிழம கடைய எப்ப அடைப்ப?" என்றார் அப்பா கடைசியில்.

"எதுக்கு?"

"பத்திரிகை வைக்க வாரோம். ஒம் பொண்டாட்டிய வீட்டுல இருக்கச் சொல்லு."

"நீங்க வாரியன்னா நான் ஏன் கடையத் தொறக்கேன்" என்றார் சித்தப்பா.

என் கல்யாணத்தன்று சர்ச் வாசலில் வந்தவர்களை வரவேற்க அண்ணனும் தம்பியும் சேர்ந்து நின்றார்கள். எந்தப் பக்கம் யார் நிற்பது என்பதில் அங்கேயும் ஒரு சச்சரவு நடந்ததாகக் கேள்வி. ஒரு பழைய மட்டையையும் பந்துகளையும் அவர்களிடமே விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

போன சனிக்கிழமை நடுப்பகலில் இங்கே நான் தனியாக ஆடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஒரே போனில் இரண்டு குரல். சித்தப்பாவின் பந்தை ஆடு தட்டிவிட்டதாம், என்ன விதி என்று உடனே சொல்ல வேண்டுமாம். "தண்டம் கிடையாது. முதல்ல எங்க கெடந்துச்சோ அங்கயே எடுத்து வைக்கணும்" என்றேன். "எங்க கெடந்துச்சுங்கதுதான்ட்டீ சண்டையே" என்றார் அப்பா. அவர் ஒரு இடம் சொன்னார், சித்தப்பா ஒரு இடம் சொன்னார். ரூத் இருவருமே பொய் சொல்வதாகச் சொன்னாள். கருவேலத்துக்குள் காற்று புகுந்து வரும் சத்தம்கூடக் காதில் விழுந்தது.

எனக்குப் பின்னால் ஒரு குடும்பம் காத்துக்கொண்டிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். தாமதப்படுத்துகிறவர் ஓரமாக ஒதுங்கி, வேகமாக வருகிறவர்களை முன்னே விடுவது இங்கே வழக்கம். என் பந்தைப் புல்வெளி நடுவிலேயே விட்டுவிட்டு, முழங்கால் உயர ஈரப்புல்லுக்குள் இறங்கிக் கையைக் காட்டினேன். தாயும் மகனும் என் பந்துக்கு மேலாக அடித்துக் கடந்து போனார்கள். அவர்களோடு வந்த முதியவர் என் பந்தின் அருகில் நின்று அதையும், தூரத்தில் நிற்கும் என்னையும் பார்த்து, "இன்னும் ஆட்டத்தில் இருக்கிறீர்களா?" என்று உரக்கக் கேட்டார். அதே நேரம் போனுக்குள் அப்பா, "ஏட்டி, லைன்ல இருக்கியா?" என்றார்.

"இருக்கேன்" என்றேன், ஈரம் ஏறிய காலோடு, இரண்டு பேருக்கும் சேர்த்து. முதியவர் என்ன புரிந்துகொண்டாரோ, தொப்பியைத் தொட்டுவிட்டு நடந்தார்.