ஆளில்லாத காம்பரா

எழுபதுகளில் அட்டனுக்குப் பக்கத்தில் நான் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது எங்களுக்குக் கலை சொல்லித்தந்த சேர், கல்லூரிச் சமையலறைக்கு நிரந்தர எதிரி. மஞ்சள் தூள், அடுப்புக்கரி, எது கண்ணில் பட்டாலும் அவருக்கு அது சாயம். மாச் சாக்குகளைப் பிரித்துத் தைத்துச் சுவர் நீளத்துக்கு ஒரே சீலையாக்கி, "எல்லாரும் சேந்து ஒரு படம் வரைங்க. பொறகு சேந்து ஒரு கதை சொல்லுங்க," என்றார். கல்யாண வயதைத் தாண்டிக்கொண்டிருந்த எங்களைப் பாலர் வகுப்பாக்கிவிட்டாரென்று மற்ற விரிவுரையாளர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம், முழங்கை வரை மஞ்சளோடு.

படத்தில் ஒரு லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். லயத்து வீட்டைக் காம்பரா என்போம். ஆளுக்கொரு காம்பரா வரைந்து, அங்கே இருப்பவர்களின் கதையை ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர வேண்டும். கொழும்பிலிருந்து பரீட்சகர் வருவார். வாய் திறக்காதவருக்குச் சான்றிதழ் கிடையாது.

நாலு பேர் முன்னால் நின்றால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அம்மாவோ தோட்டத்தில், "எம் மக டீச்சராயிட்டா," என்று எல்லாரிடமும் சொல்லி முடித்திருந்தாள். யோசித்து யோசித்து, மூடிய கதவு ஒன்றை மட்டும் வரைந்தேன். 'வீட்டில் யாரும் இல்லை' என்று ஒரு வரி சொல்லிவிட்டு உட்காரலாம். ஒரு வரியும் பேச்சுதானே. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சேர் கதவைப் பார்த்தார். "எங்க புள்ள ஆளுங்க?"

"வேலைக்குப் போயிட்டாங்க சேர்."

"அந்தியில வந்துருவாங்கதானே," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பரீட்சகர் வந்த அன்று, முதல் காம்பராக்காரியின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ஒத்திகையில் அது தேயிலைக்குள் ஓடும். அன்றைக்கு என் கதவுக்குள் நுழைந்தது. அடுத்தவள் ஆட்டைத் தேடக் கங்காணியை அனுப்பினாள், அவரும் உள்ளே. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் வழி தவறி உள்ளே. என் அறைத்தோழி இருக்கிறாளே, அவள் மழையைப் பெய்ய வைத்து, மிச்சமிருந்த லயத்தையே என் வீட்டுக்குள் ஒதுங்க வைத்தாள். நான் முறைத்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். சேர் நகத்திலிருந்த மஞ்சளை மும்முரமாகச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

கடைசியாக என் முறை. யாரும் இல்லையென்று இனி எந்த வாயால் சொல்வது?

"உள்ள என்ன நடக்குது?" என்றார் பரீட்சகர்.

பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. சீனி கிடைக்காத காலம். இத்தனை பேரை அடைத்தால் வீட்டுக்காரி என்ன செய்வாள்?

"எல்லாத்துக்கும் தேத்தண்ணி ஊத்தணும்," என்றேன். அது என் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. "வீட்டுல சீனி இல்ல. ஆடு வேற மாப்பிள்ளையோட வேட்டியத் திங்குது."

பரீட்சகர் வாய்விட்டுச் சிரித்தார். அதன்பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை. கங்காணியை வீடு வீடாகச் சீனி கேட்க வைத்தேன். தோழியின் ஆட்களைப் பாத்திரம் கழுவ உட்காரவைத்து வஞ்சம் தீர்த்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அதுவரை பேசியதில்லை.

சேர் எழுந்து வந்தார். "போதும் புள்ள, கதவச் சாத்துங்க. அய்யா ரயிலுக்குப் போகணும்."

"மாப்பிள்ளைக்கு மாத்து வேட்டி குடுத்துட்டுச் சாத்துறேன் சேர்," என்றேன்.

பரீட்சகர் கையிலெடுத்த பையை மறுபடி கீழே வைத்தார்.