பின்வளவில் நான் பிடுங்கிய கீரை

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், பிடுங்கிய களைகளை வேலியோரம் இடுப்பளவு குவித்துவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி பெருமையோடு நின்றேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், பென்ரோஸ் பகுதிக் களஞ்சியமொன்றில் பெட்டி அடுக்கும் வேலை எனக்கு. நானும் மனைவியும் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பகுதியில் வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். குரோஷியத் தீவொன்றிலிருந்து இளம் வயதில் மணமாகி ஆக்லாந்துக்கு வந்தவர். எங்கள் விசா இழுபட்ட மாதங்களில் ஒரு கேள்வியும் கேட்காமல் வீட்டைத் தந்தவர். அந்த நன்றிக்காகத்தான், அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து வளவைத் துப்புரவாக்கினேன்.

திரும்பி வந்தவர் குவியலைப் பார்த்துப் பையைக் கீழே வைத்தார். ஏசவில்லை. முழங்காலிட்டு, மஞ்சள் பூவும் பல்லுப் பல்லான இலையுமுள்ள செடிகளை மட்டும் பொறுக்கி மடியில் சேர்த்தார். உதவக் குனிந்த என்னைக் கையால் விலக்கினார்.

வேலையால் வந்த மனைவி திகைத்துப் போனாள். "அது அவவின்ர கீரையப்பா. ஊரில இருந்து தங்கச்சி அனுப்பின விதை. அங்க சண்டை துவங்கினாப் பிறகு கடிதமும் இல்லையாம்."

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் பிடுங்கப் போறியளெண்டு எனக்கெப்பிடித் தெரியும்?"

யாழ்ப்பாணத்திலிருந்து எங்களுக்கும் கடிதம் வராத காலம் அது. இந்த வாடகை வீடு போய்விடுமோ என்ற பயம் ஒருபுறம், அந்த நேரத்திலும் வீட்டை நினைக்கிறேனே என்ற வெட்கம் மறுபுறம்.

மாலையில் வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டினார். கையில் ஒரு கோப்பை நிறைய அவித்த கீரை. மேலே ஒலிவ் எண்ணெயும் உள்ளிப் பூண்டும். எங்களோடு இருந்து சாப்பிட்டார். மெல்லிய கசப்பு. என் தட்டு முடிய முடிய, சிரித்துக்கொண்டே மேலும் அள்ளி வைத்தார். அது விருந்தா தண்டனையா என்று எனக்கு விளங்கவில்லை. மறுநாள் தோட்டச் சாமான்கள் வைத்த கொட்டிலின் பூட்டுத் திறப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். ஆனால் சில மாதங்களில் தங்கையின் கடிதம் வந்தபோது, அழுதபடி முதலில் என்னிடம்தான் ஓடிவந்து காட்டினார்.

நாங்கள் மனுகாவ் பக்கம் வீடு மாறிய அன்று துணிந்து கேட்டேன், அன்றைக்கு என்னில் கோபமா என்று.

யோசித்துவிட்டு, உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். "கோபம். நிறையக் கோபம். ஆனால் கீரை வாடிவிடுமே."

காரில், "அவ அண்டைக்கே மன்னிச்சிட்டா," என்றாள் மனைவி.

"வீணாக்க மனமில்லாமல் தந்தவ," என்றேன்.

"அப்பிடியெண்டா தனிய அவிச்சுச் சாப்பிட்டிருப்பா. எங்கட மேசைக்கு ஏன் கொண்டு வந்தவ?"

அவர் காலமாகிவிட்டார். அந்தக் கேள்வியில் நாங்கள் இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.