சுதாராணி ஒட்டிய சீட்டு

சுதாராணியைப் பற்றி நான் சொன்னால் அது நியாயமாக இருக்காது. அவள்மேல் எனக்குப் பொறாமை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கற்பகம் மறைத்துவிட்டாள் என்று யாரும் பேசக் கூடாது.

கோவில்பட்டியில் பூவனலிங்கம் அண்ணாச்சி மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். முன் அறையில் கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு. உள் அறையில் இணையப் பக்கம். உள் அறை என் ராஜ்ஜியம். தொண்ணூற்றொன்பதிலிருந்து நாலு வருடம் நான் ஒருத்திதான் அங்கே. நோட்பேடைத் திறந்து வெறும் கையால் எச்டிஎம்எல் அடிப்பேன். பக்கத்தைத் தானே எழுதித் தரும் ட்ரீம்வீவர் வந்த பிறகும், அது எழுதித் தள்ளும் குப்பையை நோட்பேடில் வைத்துத்தான் பொறுக்குவேன். போட்டோஷாப்பில் நான் மெனுவைத் தேடி மவுஸை நகர்த்தி யாரும் பார்த்ததில்லை. எல்லாம் கீபோர்டிலேயே, விரல் நுனியில். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

2003 ஆடியில் சுதாராணி வந்தாள். கழுகுமலைக்காரி. அம்மா வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிறவள். மகள் ஒரு அச்சகத்தில் ஐந்து வருடம் அந்தத் தீப்பெட்டிக்கு லேபிள் வரைந்தவள். அங்கே வேலையை விட்டதும் அவள் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டான், திரும்பிப் போக இடமில்லை. மூன்று மாதம் பார்ப்போம் என்று சொல்லித்தான் அண்ணாச்சி அவளைச் சேர்த்தார்.

முதல் நாள் மானிட்டர்மேல் அடிஸ்கேலை வைத்துப் படத்தை அளந்தாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஒரு வாரத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. இரண்டு அங்குலக் கட்டத்துக்குள் கிளியையும் மாம்பழத்தையும் கம்பெனிப் பேரையும் இடிபடாமல் வைத்துப் பழகிய கை அது. அவள் ஒரு பக்கம் வரைந்தால் வைத்த கண் வாங்க முடியாது. என் பக்கங்களில் ஒரு பிழை இருக்காது, ஆனால் பார்க்க ரேஷன் கார்டு மாதிரி இருக்கும். எனக்கே தெரியும். வருகிறவர்கள் எல்லாம் "அந்தக் கழுகுமலைப் பிள்ளை இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். புதிதாக வாங்கிய பென்டியம் ஃபோரை அண்ணாச்சி அவள் மேசையில் கொண்டுபோய் வைத்தார். புது மெஷின் வேண்டும் என்று நாலு வருடம் நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தேன். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் மாதம் சாமித்துரை அண்ணாச்சி வந்தார். எட்டயபுரம் சாலையில் தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலை வைத்திருப்பவர். வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க ஒரு இணையதளம் வேண்டும் என்றார். படங்கள் சுதாராணி, பக்கம் கோர்த்து ஏற்றுவது நான் என்று முடிவானது. இது நன்றாக வந்தால் அவளுக்கு வேலை நிரந்தரம், இல்லையென்றால் ஐப்பசியோடு கணக்கு முடிந்தது என்று எங்கள் அண்ணாச்சி என் முன்னால்தான் அவளிடம் சொன்னார்.

அவளிடம் ஒரு அச்சகப் பழக்கம் இருந்தது. திரையை நம்பமாட்டாள். ஒவ்வொரு படத்தையும் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சாமித்துரை அண்ணாச்சியிடம் கையெழுத்து வாங்கினாள். கையெழுத்து விழுந்த பிறகு ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாதாம். அதனால் படங்களை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஒரு தடவைகூட அவள் திறந்து பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் ஏழு படங்களையும் பக்கத்தில் கோர்த்து நான் திறந்து பார்த்தேன். கம்பெனி வாசலை டிஜிட்டல் கேமராவில் எடுத்த போட்டோ ஒன்றுதான் தெரிந்தது. மற்ற ஆறு இடத்திலும் குட்டியாகச் சிவப்புப் பெருக்கல் குறி. எனக்குப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது. அச்சுக்கு நாலு மை, திரைக்கு மூன்று வெளிச்சம். இதுவரை இந்தச் சிக்கல் வந்ததில்லை. தீப்பெட்டி என்றதும் அவள் லேபிள் வரைந்த பழக்கத்தில் ஆறையும் நாலு மைக் கணக்கில், சிஎம்ஒய்கேயில் வைத்திருந்தாள். எக்ஸ்ப்ளோரருக்கு அது ஆகாது. போட்டோஷாப்பில் திறந்து மூன்று வெளிச்சக் கணக்கான ஆர்ஜிபிக்கு மாற்றிச் சேமித்தால் தீர்ந்தது. படத்துக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

பக்கத்து மேசையில் தன் திரையிலேயே கண் வைத்தபடி அவள் கேட்டாள்: "படமெல்லாம் சரியா உக்காந்துட்டாக்கா?"

"உக்காந்துட்டு" என்றேன்.

அப்படியே எஃப்டிபி வழியாக இணையத்தில் ஏற்றினேன். டெலிபோன் லைன் அறுந்து அறுந்து வந்தது. ஒவ்வொரு படமும் கால் மணி நேரம் எடுத்தது. ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் சொல்லியிருக்கலாம். ஆறு தடவை வாய் வரை வந்தது, ஆறு தடவையும் அந்தப் பென்டியம் ஃபோரைப் பார்த்தேன், விழுங்கிவிட்டேன்.

மறுநாள் காலை சாமித்துரை அண்ணாச்சி விபூதியோடு வந்து உட்கார்ந்தார். பக்கம் திறந்தது. அவர் கம்பெனியின் ஆறு தீப்பெட்டி மார்க்கும் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பெருக்கல்.

"என்னம்மா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா என் சரக்கையெல்லாம் அடிச்சுப் போட்டிருக்கிய?"

சுதாராணிக்கு முகம் வெளுத்துவிட்டது. கையெழுத்துப் போட்ட காகிதங்களை எடுத்து எடுத்துப் பார்த்தாள். எங்கள் அண்ணாச்சி அவளைத் திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நாலு வருசமா இதைத்தான செய்யுத. ஏத்தும்போது பாத்திருப்பல்லா? இது எதனாலன்னு உனக்குமா தெரியலை?"

தெரியும் என்றால் நான் சதிகாரி. தெரியாது என்றால் நாலு வருடம் சம்பாதித்த பேர் போச்சு. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அக்காவுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லாம இருப்பாவளா, அண்ணாச்சி? எம்மேலதான் தப்பு."

"தெரியாது அண்ணாச்சி" என்றேன்.

சாமித்துரை அண்ணாச்சி காபி குடித்துவிட்டு வருவதாகக் கீழே இறங்கினார். அதற்குள் அவள் தெரிகிற படம் ஒன்றையும் தெரியாத படம் ஒன்றையும் போட்டோஷாப்பில் அக்கம்பக்கமாகத் திறந்து வைத்தாள். அச்சகத்தில் இரண்டு தாளை ஒத்துப் பார்ப்பார்கள், அதே வேலைதான். படத்தின் மேல்பட்டையில் ஒன்றில் ஆர்ஜிபி, ஒன்றில் சிஎம்ஒய்கே. ஐந்து நிமிடம் ஆகவில்லை, கண்டுபிடித்துவிட்டாள். ஐந்து படத்தை மாற்றினாள். ஆறாவதை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இங்கன வாங்கக்கா. இதை நீங்க செய்ங்க, கை பழகிரும்."

அண்ணாச்சி பின்னால் நிற்கிறார். கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலையை, தெரியாதவள் மாதிரி மவுஸை மெனு மெனுவாக அலையவிட்டேன். "அங்கன இல்லக்கா, மேல" என்று அவள் என் கையைப் பிடித்து நகர்த்தினாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

ஏற்ற நேரமில்லை என்று மெஷினிலிருந்தே காட்டினோம். சாமித்துரை அண்ணாச்சி தன் ரெட்டைக்கிளி மார்க்கைத் திரையில் விரலால் தொட்டுப் பார்த்தார். சுதாராணிக்கு அன்றைக்கே வேலை நிரந்தரமானது.

சாயங்காலம் கழுகுமலை பஸ்ஸுக்குக் கிளம்புமுன் அவள் ஒரு சீட்டில் மூன்று வரி எழுதினாள். எதைத் திறக்க வேண்டும், எங்கே போக வேண்டும், எதை அழுத்த வேண்டும். லேபிள் எழுத்து, முத்து முத்தாக. அதை என் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போனாள்.

ஆறு வருடமாகிறது. மானிட்டர் இரண்டு மாறிவிட்டது, ஒவ்வொரு தடவையும் அவளே அந்தச் சீட்டை உரித்துப் புதிதில் ஒட்டினாள். உள் அறைக்கு இப்போது பொறுப்பு அவள்தான். புதிதாக வரும் பிள்ளைகளை என் மேசைக்குத்தான் முதலில் கூட்டிவருவாள். தெரியாததைக் கேட்க வெட்கப்படக் கூடாது என்பாள், கற்பகம் அக்காவே இதைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டாவ என்று சீட்டைக் காட்டுவாள்.

பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பார்கள். ஆமாம் என்று சொல்லுவேன்.