இரண்டாவது சத்தம்

ஓமானில் பாலைநிலம் பாறைகளாகக் கடலுக்குள் இறங்கும் ஒரு முனை அது. அலைச்சறுக்குப் பலகைகளில் நானும், உடன் வேலைபார்க்கும் சென்னைக்காரி மரியமும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். முதல் அலை வந்தது. நான் ஏறவில்லை. அது பாறையில் டம்மென்று மோதியது.

"நல்ல அலைய ஏன் எப்பவும் விட்டுடுற?" என்றாள் மரியம்.

என் சின்ன வயதில், எங்கள் ஊர் தாயில்பட்டியில் அப்பா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலப்பவர். அம்மா வீட்டில் வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுவாள். வீடெங்கும் பசை நாறும். தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் அம்மாவின் கை பாதிக் குழாயில் நின்றுவிடும்.

"அம்மா, அப்பா..."

"ஏ புள்ள, பேசாத. ஒத்தச் சத்தம்னா கம்பெனில வெடிச்சுப் பாக்காக. அடுத்ததும் கேட்டாத்தான் ஓடணும்."

அடுத்தது கேட்காது. மீதிக் குழாயைச் சுருட்டுவாள்.

ஒருநாள் கேட்டது. பசைக் கையோடு அம்மா ஓடினாள், பின்னால் நான். பாதி வழியில் அப்பா வெறுங்காலோடு எதிரே வந்தார். "நம்ம கம்பெனி இல்ல," என்றார். அம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வந்தபோது அவள் விரல் ஐந்தின் தடமும் அதில் பசையாகக் காய்ந்திருந்தது.

இங்கே இரண்டாவது அலையும் பாறையில் டம்மென்று மோதியது. கரையில் யாரும் ஓடவில்லை.

மூன்றாவதில் ஏறினேன்.